சேலத்து நூலகங்கள்: அரையணாவில் தொடங்கிய கணக்கு

வீட்டு வரி கட்டிய ரசீதை யாராவது முழுசாகப் படித்திருக்கிறீர்களா? மொத்தத் தொகையைப் பார்ப்போம், கட்டுவோம், மடித்து பீரோவில் வைப்போம், அவ்வளவுதான். அதில் நூலக வரி என்று தனியாக ஒன்று இருக்கும். சொத்து வரியில் ரூபாய்க்கு 10 பைசா. வரி 500 ரூபாய் என்றால் அதற்கு மேல் 50 ரூபாய் நூலகத்துக்கு. மாநகராட்சியில் இருந்தாலும் சரி, வாழப்பாடி பக்கம் ஒரு சிற்றூராட்சியில் இருந்தாலும் சரி, இது உண்டு.

எங்கள் தெரு வாட்ஸ்அப் குழுவில் ஒருத்தர், "அரசாங்கம் இலவசமா லைப்ரரி நடத்துது, அதுலயும் போய் குறை சொல்றீங்களே" என்று எழுதினார். அவருக்குப் பதில் எழுத ஆரம்பித்தது, நீண்டுகொண்டே போனதால் இங்கே கொண்டுவந்துவிட்டேன். இலவசம் கிடையாது அண்ணா. நீங்களும் நானும் எழுபது வருஷத்துக்கு மேலாகக் காசு கொடுத்து நடத்துகிற கடை அது. நம் தாத்தா கொடுத்திருக்கிறார், அப்பா கொடுத்திருக்கிறார். வாங்கிக்கொண்ட காசுக்குக் கணக்கு கேட்பதைக் குறை சொல்வது என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

இந்த வரியைக் கொண்டுவந்த 1948 நூலகச் சட்டம் வருவதற்கு முன்னால் சேலத்தில் படிக்கிற இடமே இல்லை என்று நினைத்துவிட வேண்டாம். படிப்பகங்கள் இருந்தன. திராவிடர் கழகம் என்ற பெயரே இந்த ஊரில் வைத்ததுதான், 1944 ஆகஸ்ட் 27 மாநாட்டில். கழகத்தாரின் படிப்பகங்கள் தெருமுனை ஓட்டுக் கட்டடங்களிலும் கீற்றுக் கொட்டகைகளிலும் நடந்தன, ஒரு பெஞ்சு, நாலு பத்திரிகை. காங்கிரஸ்காரர்களுக்கு அவர்கள் வாசகசாலை. எங்கள் தாத்தா அம்மாப்பேட்டையில் குழித்தறி போட்டவர், அதிகம் படித்தவரில்லை. தறிக்குழியில் கால் போட்டபடியே, திண்ணையில் உட்கார்ந்து ஒரு பையன் சத்தமாகப் பேப்பர் படிக்கக் கேட்டுத்தான் உலகம் தெரிந்துகொண்டாராம். அந்தப் பையனுக்கு டீ, முறுக்கு தறிக்காரர்கள் செலவு. யோசித்துப் பார்த்தால் அதுவும் நூலக வரிதான். என்ன ஒன்று, கட்சி ஆள் ஊரை விட்டுப் போனால் படிப்பகமும் போய்விடும், பையன் வேலைக்குப் போனால் வாசிப்பும் நின்றுவிடும். யாருடைய தயவும் இல்லாமல் நடக்க வேண்டும் என்றால் நிரந்தரமாக ஒரு வருமானம் வேண்டும்.

அந்த வருமானத்துக்கு வழி சொன்னவர் எஸ்.ஆர்.ரங்கநாதன். சீர்காழிக்காரர், கணிதப் பேராசிரியர், 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகராகப் போய், லண்டனில் நூலகப் படிப்பு முடித்துவிட்டு வந்தார். அங்கே சின்ன ஊர்களில்கூட ஊர்க்காரர்களின் வரிப்பணத்தில் நூலகம் நடப்பதைப் பார்த்துவிட்டு, இங்கே அதே மாதிரி சட்டம் வேண்டும் என்று விடாமல் பேசிக்கொண்டே இருந்தார். 1928இல் சென்னை நூலகச் சங்கம் ஆரம்பித்தார்கள். 1931இல் மன்னார்குடியில் கனகசபை என்ற பொறியாளர் மாட்டு வண்டியில் புத்தகம் ஏற்றி ஊர் ஊராக அனுப்பினார், தொடங்கி வைத்தவர் ரங்கநாதன். சட்டம் மட்டும் வரவில்லை. சுதந்திரம் வந்து, அவினாசிலிங்கம் செட்டியார் கல்வி அமைச்சராக இருந்தபோதுதான் 1948இல் சென்னைப் பொது நூலகச் சட்டம் நிறைவேறியது. சுதந்திர இந்தியாவின் முதல் பொது நூலகச் சட்டம் அது. 1950 ஏப்ரல் 1 முதல் நடைமுறை. (நம் கொங்குப் பக்கத்து மனிதர் இந்த அவினாசிலிங்கம். தமிழில் பத்துத் தொகுதிக் கலைக்களஞ்சியம் வந்ததற்கும் அவர்தான் முதல் காரணம். பழைய கிளை நூலகங்களில் பூட்டிய கண்ணாடி அலமாரிக்குள் அது இருக்கும், சாவி யாரிடம் என்பது வேறு கதை.)

சட்டத்தின் மூளை எங்கே இருக்கிறது என்றால் வரிப் பிரிவில் இருக்கிறது. மாவட்டத்துக்கு ஒரு ஸ்தல நூலக ஆணைக்குழு, அதாவது அந்த மாவட்டத்து நூலகங்களை நடத்துகிற குழு. அந்தக் குழுவின் பெயரில் வீட்டு வரியோடு ரூபாய்க்கு அரையணா, அதாவது 6 தம்படி, கூடுதலாக வசூலிக்க வேண்டும். நயா பைசா வந்த பிறகு அது 3 பைசா ஆனது, பிறகு 5, இப்போது 10. இதுவரைக்கும் சாதாரண வரிதான். அடுத்த பிரிவுதான் கெட்டிக்காரத்தனம்: சென்னை நகரம் தவிர மற்ற மாவட்டங்களில், ஆணைக்குழு எவ்வளவு வசூலிக்கிறதோ அதற்குக் குறையாமல் அரசும் போட வேண்டும். சேலத்துக்காரர் ஒரு ரூபாய் கொடுத்தால் கோட்டையிலிருந்தும் ஒரு ரூபாய் வர வேண்டும். ஆக நாம் கொடுக்காமல் விட்டது ஒவ்வொன்றும் இரண்டு மடங்கு நஷ்டம். இதை வசூலிக்கிற ஆட்களே பல பேர் புரிந்துகொண்டதாகத் தெரியவில்லை.

அந்தக் காலத்துச் சேலம் ஆணைக்குழுவின் எல்லையை இன்றைக்கு நினைத்தால் மலைப்பாக இருக்கும். ஓசூரிலிருந்து பரமத்தி வேலூர் காவிரிக்கரை வரைக்கும் ஒரே மாவட்டம். ஓசூரில் தெலுங்கும் கன்னடமும் வீட்டில் பேசுகிற வாசகர், மேட்டூரில் 1934இல் அணை கட்டி முடித்த பிறகு வந்து குடியேறிய ஆலைத் தொழிலாளி, ராசிபுரத்தில் நெசவுக்காரர், கல்வராயன் அடிவாரத்தில் எழுத்தே தெரியாதவர் என்று எல்லாருக்கும் சேலத்திலிருந்தே புத்தகம் போக வேண்டும். 1965 அக்டோபர் 2 அன்று தருமபுரி பிரிந்தது, 1997 ஜனவரி 1 அன்று நாமக்கல் பிரிந்தது. ஒவ்வொரு முறையும் நூலகங்கள் மட்டுமா பிரிந்தன, அந்தப் பக்கத்து வீட்டு வரியும் சேர்ந்து போனது. நாமக்கல்லில் லாரி பாடி கட்டுகிற பட்டறைகள், கோழிப்பண்ணைகள், திருச்செங்கோட்டு போர்வெல் ரிக் வண்டிக்காரர்கள் கட்டிய மாடி வீடுகள். அதெல்லாம் இனி வேறு கணக்கு.

பரமத்தி பக்கம் மாமா வீட்டுக்குப் போயிருந்தபோது, அவர் நூலகத்தில் எடுத்து வைத்திருந்த ஒரு பழைய பயணக் கட்டுரைப் புத்தகத்தைப் புரட்டினேன். தலைப்புப் பக்கத்தில் நீள்வட்டமாக ஊதா மை முத்திரை, "ஸ்தல நூலக ஆணைக்குழு, சேலம்". அதன் மேலேயே கொஞ்சம் சாய்வாக நாமக்கல் மாவட்ட நூலக ஆணைக்குழுவின் புது முத்திரை. நடுவில் ஏதோ ஒரு பக்கத்தின் அடியில் பேனாவால் பதிவு எண், சிவப்பு மையில் அடித்து வேறு எண். பின்னட்டை உட்புறம் ஒட்டியிருக்கும் தேதிச் சீட்டில் வரிசையாகத் தேதிகள்: எழுபதுகளில் மாதத்துக்கு இரண்டு மூன்று, எண்பதுகளில் அதே வேகம், தொண்ணூறுகளின் நடுவில் சட்டென்று இடைவெளி விழுகிறது, பிறகு வருஷத்துக்கு ஒன்று. கேபிள் டிவி எந்த வருஷம் வந்தது என்று அந்தச் சீட்டைப் பார்த்தே சொல்லிவிடலாம். இப்போதெல்லாம் பல இடங்களில் சீட்டுக்குப் பதில் கணினியில் பதிகிறார்கள். வசதிதான், ஆனால் நமக்கு முன்னால் இந்தப் புத்தகத்தை எத்தனை பேர் எடுத்தார்கள் என்று வாசகருக்குத் தெரிய வழியில்லை.

ஐம்பதுகளின் நடுவில் நெ.து.சுந்தரவடிவேலு பொதுக்கல்வி இயக்குநராக வந்தார், நூலகங்களும் அவர் பொறுப்பில் இருந்தன. காமராஜர் காலம், பள்ளிக்கூடம் திறந்த வேகத்தில் கிளை நூலகங்களும் திறந்தார்கள். 1972இல்தான் நூலகங்களுக்கென்று தனி இயக்ககம் வந்தது. அதற்கு முந்தைய காலத்தை அரைகுறைக் காலம் என்று சில பேர் எழுதுகிறார்கள், எனக்கு அப்படித் தோன்றவில்லை. பள்ளிக்கூடத்தையும் நூலகத்தையும் ஒரே ஆள் பார்த்துக்கொண்டிருந்ததில் ஒரு லாபம் இருந்தது: எழுதப் படிக்கக் கற்றுக்கொண்டவன் அடுத்து எங்கே போவான் என்ற கேள்வி அந்த மேசையிலேயே இருந்தது.

சரி, மலைக்கு வருவோம்.

ஏற்காடு இருக்கிற சேர்வராயன் மலையில் வெள்ளைக்காரக் காப்பித் தோட்டக்காரர்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே புத்தகத்தோடு வந்தவர்கள். 1917இல் வந்த மான்ட்ஃபோர்ட் மாதிரி விடுதிப் பள்ளிகளும் உண்டு. எல்லாம் சுற்றுச்சுவருக்கு உள்ளே. சுவருக்கு வெளியே மலையாளி இன மக்களின் ஊர்கள், நாகலூர், செம்மநத்தம், மாரமங்கலம், இப்படி, காப்பியும் மிளகும் பறித்துக் கூலி வாங்கியவர்களின் ஊர்கள். (சமவெளிக்காரர்களுக்கு ஒரு வார்த்தை, இவர்கள் கேரளத்துக்காரர்கள் கிடையாது, மலையை ஆள்பவர் என்ற பொருளில் மலையாளி. தமிழ்தான் பேசுகிறார்கள்.) அந்த ஊர்களில் ஓட்டு வீட்டுக்கும் சிமெண்ட் ஷீட் வீட்டுக்கும் வீட்டு வரி எவ்வளவு வந்துவிடும்? அதில் பத்தில் ஒரு பங்கை வைத்து வாரப் பத்திரிகை ஒன்று வாங்கலாமா என்பதே சந்தேகம்.

இங்கேதான் 1948 சட்டம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். ஊருக்கு ஊர் வரி, ஊருக்கு ஊர் நூலகம் என்று அது எழுதப்படவில்லை. மாவட்டம் முழுக்க வசூலானதெல்லாம் ஒரே நிதியில் விழுகிறது. ஃபேர்லேண்ட்ஸ் மூன்று மாடி வீட்டுக்காரர் கட்டுவதும் செவ்வாய்ப்பேட்டை மளிகை மண்டிக்காரர் கட்டுவதும் இருபது கொண்டை ஊசி வளைவுகள் ஏறி ஏற்காட்டில் புத்தகமாகலாம். ஆகலாம் என்றுதான் சொல்கிறேன், ஆகிறதா என்பது ஆணைக்குழு பணத்தை எப்படிப் பிரிக்கிறது என்பதைப் பொறுத்தது. மக்கள்தொகையை வைத்துப் பிரித்தால் மலைக்கு ஒன்றும் மிஞ்சாது. தூரத்தை வைத்துப் பிரிக்க வேண்டும். மலையில் ஒரு புத்தகத்தின் ஆயுளும் குறைவு. ஐப்பசி, கார்த்திகையில் மேகம் ஜன்னல் வழியாகவே உள்ளே வரும், அலமாரிப் புத்தகமெல்லாம் நமுத்துப்போய் அட்டையில் சாம்பல் பூத்த மாதிரி பூஞ்சை பிடிக்கும், வழவழப்புத் தாள் புத்தகமாக இருந்தால் பக்கமும் பக்கமும் ஒட்டிக்கொண்டு பிரித்தால் எழுத்தோடு உரிந்து வரும். கீழே ராமபாணப் பூச்சி தின்கிற வேகத்தைவிட மேலே ஈரம் தின்கிற வேகம் ஜாஸ்தி. இதற்கென்று தனியாக ஒரு ஒதுக்கீடு கேட்டால் தப்பே இல்லை.

கிளை நூலகங்களுக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை, ஞாயிறு திறந்திருக்கும். தோட்டக் கூலிக்காரருக்கு ஞாயிறுதான் ஓய்வு, ஆகவே இது நல்ல ஏற்பாடு. இதை யார் யோசித்து வைத்தார்களோ, அவர் வாழ்க. குழப்பம் அதற்குக் கீழே இருக்கிற அடுக்குகளில்தான்.

மாவட்ட மைய நூலகம், கிளை நூலகம், ஊர்ப்புற நூலகம், பகுதி நேர நூலகம், இதுதான் வரிசை. என் சித்தி ஒரு ஊர்ப்புற நூலகர். ஊர் பெயர் வேண்டாம், கீழே சமவெளியில், அந்த அளவுக்குப் போதும். தொகுப்பூதியத்தில் சேர்ந்தவர், சிறப்புக் காலமுறை ஊதியத்துக்கு வரவே பல வருஷம் இழுத்தது. ஒற்றை ஆள் நூலகம். கதவு திறப்பது, கூட்டுவது, பேப்பரை க்ளிப் போட்டு மேசையில் வைப்பது, வருகைப் பதிவேட்டில் கையெழுத்து வாங்குவது, சந்தா ரசீது போடுவது, கிளை நூலகத்திலிருந்து மாற்றுப் புத்தகங்கள் கொண்டுவருவது எல்லாம் அவர்தான். டவுன் பஸ்ஸில் சாக்குப்பையில் கட்டி எடுத்து வருவார். கண்டக்டர் ஒருத்தர் லக்கேஜ் டிக்கெட் கேட்டாராம், இவர் ஒரு சிறுவர் கதைப் புத்தகத்தை உருவிக் கையில் கொடுத்து, "உங்க புள்ளைக்குப் படிச்சுக் காட்டிட்டு அடுத்த வாரம் திருப்பிக் குடுங்க" என்றிருக்கிறார். அடுத்த வாரம் அவரே பஸ்ஸை நிறுத்திப் பையை ஏற்றினாராம். இதெல்லாம் எந்தப் பதிவேட்டிலும் ஏறாது.

2006இல் அனைத்து கிராம அண்ணா மறுமலர்ச்சித் திட்டம் வந்தது. அப்போதிருந்த 12,618 ஊராட்சிகளுக்கும் ஐந்து ஆண்டுகளில் வசதிகள் செய்து முடிப்பது என்று திட்டம், ஒவ்வொன்றிலும் ஒரு நூலகக் கட்டடம். கேட்கவே சந்தோஷமாக இருந்தது. ஆனால் கட்டியது ஊரக வளர்ச்சித் துறை, நடத்த வேண்டியது ஊராட்சி. நூலக ஆணைக்குழுவுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. சித்தி ஊரில் இவருடைய நூலகம் ஒழுகுகிற வாடகைக் கட்டடத்தில், புத்தகம் உண்டு, நூலகர் உண்டு. அதே ஊரில் நாலு தெரு தள்ளி புத்தம் புதுக் கட்டடம், டைல்ஸ், அலமாரி, மின்விசிறி, கொஞ்ச நாளில் பூட்டு. இரண்டையும் ஒன்றாகப் போடலாமே என்று கேட்டேன்.

"நான் கேக்காம இருப்பனா கண்ணு? அது அவங்க துறை, இது நம்ம துறைங்கறாங்க. மழ பேஞ்சா புஸ்தகத்துக்குத் துறை தெரியுமா?"

சித்தி இதைச் சொல்லும்போது சிரித்தார். எனக்கு இன்றைக்கும் எரிச்சல்தான். அந்தக் கட்டடங்களில் பல பின்னால் ரேஷன் மூட்டை வைக்கவும் தேர்தல் பெட்டி வைக்கவும் பயன்பட்டதைப் பார்த்தவர்கள் இதைப் படிக்கிறவர்களில் நிறையப் பேர் இருப்பீர்கள். சில ஊர்களில் பின்னால் பழுதுபார்த்துத் திறந்தும் இருக்கிறார்கள், அதையும் சொல்லிவிட வேண்டும்.

அப்புறம் நிலுவை. நூலக வரியை வசூலிப்பது உள்ளாட்சி, செலவழிப்பது ஆணைக்குழு. நடுவில் பணம் நகர வேண்டும். நம்மிடம் வாங்கிய வரியை உள்ளாட்சிகள் ஆணைக்குழுவுக்குக் கட்டாமல் வைத்திருப்பது தமிழ்நாடு முழுக்க உள்ள பழைய வியாதி. சம்பளம் போடப் பணமில்லை, தெருவிளக்குக் கரண்ட் பில் கட்டப் பணமில்லை என்று காரணம் சொல்வார்கள், அதுவும் பல ஊராட்சிகளில் உண்மைதான். இருந்தாலும் நூலகத்துக்கென்று ரசீது போட்டு வாங்கிய காசு அது. கிராம சபையில் இதைக் கேட்கலாம். குடியரசு நாள், மே தினம், சுதந்திர நாள், காந்தி ஜெயந்தி என்று வருஷத்துக்குப் பல தடவை சபை கூடுகிறது. "இந்த வருஷம் நூலக வரி எவ்வளவு வசூல், எவ்வளவு செலுத்தியாச்சு?" இவ்வளவுதான் கேள்வி. எங்கள் பெரியப்பா மகன் அவர் ஊர் கிராம சபையில் கேட்டார். செயலாளர் முதலில் முழித்தார், பிறகு பேரேட்டைப் புரட்டிக் கணக்கு சொன்னார், நிலுவை இருந்தது, தீர்மானத்தில் எழுதிக்கொண்டார்கள். பணம் போய்ச் சேர்ந்ததா என்று அடுத்த சபையில் கேட்பாராம்.

இன்றைக்கு மாவட்ட மைய நூலகத்தில் காலையிலேயே இடம் பிடிக்கப் போட்டி. டிஎன்பிஎஸ்சி, போலீஸ், வங்கித் தேர்வுக்குப் படிக்கிற பிள்ளைகள், தண்ணீர் பாட்டிலும் சாப்பாட்டு டப்பாவும் சகிதம். நூலகத்துப் புத்தகத்தைத் தொடுவதில்லை, சொந்த நோட்டைத்தான் படிக்கிறார்கள் என்று பழைய வாசகர்கள் முணுமுணுப்பார்கள். நான் பிள்ளைகள் பக்கம். வீட்டில் ஒரே அறையில் தறிச் சத்தமும் டிவி சத்தமும் இருக்கிறவர்களுக்கு ஒரு நாற்காலியும் ஒரு மின்விசிறியும் எட்டு மணி நேர அமைதியும் கொடுப்பதும் நூலகத்தின் வேலைதான். 2025 பட்ஜெட்டில் சேலத்துக்கு ஒரு லட்சம் புத்தகங்களோடு பெரிய நூலகம் அறிவித்தார்கள், கடலூர், திருநெல்வேலியோடு சேர்த்து. வரட்டும், சந்தோஷம். அது வந்தால் மலையேறிப் போக வேண்டிய புத்தகமும் டவுனிலேயே தங்கிவிடாமல் யாராவது பார்த்துக்கொள்ள வேண்டும்.

இன்னொன்று எனக்கு ரொம்ப நாளாக உறுத்தல். ராபர்ட் புரூஸ் ஃபூட், 1863இல் பல்லாவரத்தில் கற்கோடரி கண்டெடுத்தவர், ஓய்வுக்குப் பிறகு ஏற்காட்டில்தான் வீடு வைத்திருந்தார். இந்த மலையிலும் கற்கருவிகள் பொறுக்கினார். அவர் சேகரிப்பை 1904இல் சென்னை அருங்காட்சியகம் வாங்கிக்கொண்டது. பொருள் சென்னையில் இருப்பது நியாயம், பத்திரமாக இருக்கும். ஆனால் ஏற்காட்டில் ஒரு பையன் இந்த மலையைப் பற்றி நூலகத்தில் கேட்டால் எடுத்துக் கொடுக்க என்ன இருக்கிறது? சேலத்துக்கும் அதே கதி. 1944 மாநாடு நடந்த ஊர், மாடர்ன் தியேட்டர்ஸ் சினிமா ஸ்டூடியோ இருந்த ஊர், மாவட்டத்தில் எந்தக் கிளை நூலகத்துக்குப் போனாலும் பொது அறிவுப் புத்தகமும் சமையல் குறிப்பும் இருக்கும், உள்ளூருக்கென்று ஓர் அலமாரியைக் காணோம். காரணமும் எளிது, புத்தகம் வாங்குவது பெரும்பாலும் சென்னையில் முடிவாகிற நூலக ஆணை வழியாக, அதாவது நூலகங்களுக்கு மொத்தமாகப் புத்தகம் வாங்குகிற அரசு உத்தரவு வழியாக. சேலத்துக்காரர் ஒருவர் இருநூறு பிரதி அச்சிட்ட தன் ஊர் வரலாறு அந்த வழியில் வராது.

அது வருவதற்கு வழி நம் கையில்தான் இருக்கிறது. நூலகத்துக்குப் புரவலராக 1000 ரூபாய் கொடுப்பது ஒன்று, அதை நிறையப் பேர் செய்கிறார்கள். அதைவிட வீட்டில் கிடக்கிற மாநாட்டு மலர், நெசவாளர் கூட்டுறவுச் சங்க ஆண்டறிக்கை, கோயில் கும்பாபிஷேக மலர், நாடகக் கொட்டகை நோட்டீஸ், எஸ்டேட் கணக்குப் புத்தகம் எதுவாக இருந்தாலும் தூக்கிக்கொண்டு கிளை நூலகத்துக்குப் போய் அன்பளிப்புப் பதிவேட்டில் ஏற்றச் சொல்லுங்கள். நூலகர் முதலில் தயங்குவார், இடமில்லை என்பார். வாசகர் வட்டத்தில் நாலு பேரைச் சேர்த்துக்கொண்டு போனால் ஓர் அலமாரி காலியாகும், எங்கள் கிளையில் அப்படித்தான் ஒன்று கிடைத்தது. அம்மாப்பேட்டை வீட்டுப் பரணில் தாத்தாவின் தகரப் பெட்டி இரண்டு இருக்கின்றன, அந்தக் காலத்துப் படிப்பகப் பத்திரிகைகள் என்று பெரியப்பா சொல்கிறார். வருகிற ஞாயிறு இறக்கப் போகிறோம். கரையான் மிச்சம் வைத்தது என்னென்ன என்று பட்டியல் போட்டு அடுத்த பதிவில் எழுதுகிறேன்.